முள்ளங்கிப் பெட்டியில் வந்த பிள்ளை

மூத்தது மோழை, இளையது காளை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். திரைப்பட உலகிலோ இப்பழமொழி பெரும்பாலும் தலைகீழாகவே நிற்கின்றது. ஒரு படம் நன்கு ஓடிப் பொருள் ஈட்டிவிட்டால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் படம் ஒன்று புறப்படும். அதே ஆட்கள், அதே வேடிக்கை, அதே சண்டை. முதல்நாள் ஆக்கிய குழம்பை மறுநாள் சுடவைத்துப் பரிமாறுவது போன்றது இது. மீன்குழம்பு மறுநாள்தான் சுவைக்கும் என்பாரும் உளர். ஆயினும் எல்லாக் குழம்பும் மீன்குழம்பு ஆகிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் ஒரு கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு, நம்மையும் அருகில் உட்காரவைத்தபோது, இந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்தோம். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, படம் அலுத்தால் படிக்கலாம் என்றிருந்தோம். செய்தித்தாள் அன்று பிரிக்கப்படவே இல்லை. அப்படத்தின் பெயர் குங்ஃபூ பாண்டா 2. 2011ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது.

அன்று நம் வீட்டிற்கு நெருங்கிய நண்பர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும், ஒன்பது வயது மகளும் விருந்தினராய் வந்திருந்தனர். படத்தின் நடுவே, வாத்து ஒன்று தன் மகனிடம் ஒரு பழைய முள்ளங்கிப் பெட்டியைக் காட்டிப் பேசத் தொடங்கும் கட்டத்தில், அந்தத் தாய் சட்டென எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டார். ஏன் சென்றார் என்பது நமக்குத் தெரியும். குழந்தைகளுக்குத் தெரியாது. அந்தச் சிறுமிக்கும் அப்போது தெரியாது. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றோம்.

பாண்டா என்பது சீனத்து மலைக்காடுகளில் மூங்கிலைத் தின்று வாழும் கறுப்பும் வெளுப்புமான கரடி என்பதை நம் வாசகர் அறிவர். அவ்வினத்துப் பிள்ளை ஒன்று, போ என்னும் பெயருடையது, அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் ஊரில் நூடுல்ஸ் கடை நடத்தும் வாத்து ஒன்றின் மகனாக வளர்கின்றது. உடலோ பருத்தது, நெஞ்சமோ குங்ஃபூ வீரனாக வேண்டும் என்ற கனவால் நிறைந்தது. எவரும் எதிர்பாராத வகையில், ஊக்வே என்னும் முதிய ஆமைக் குரு, விரலை நீட்டிப் 'பறவைநாக வீரன்' என்று இவனையே சுட்டிவிடுகின்றார். கடுஞ்சினம் கொண்ட ஷீஃபூ என்னும் ஆசான் இவனுக்குப் பயிற்சி அளிக்கின்றார். சிறையை உடைத்துத் தப்பிவரும் தை லுங் என்னும் பனிச்சிறுத்தையை இவன் வெல்கின்றான். 2008ஆம் ஆண்டு ஜான் ஸ்டீவன்சன், மார்க் ஆஸ்போர்ன் என்னும் இருவர் இயக்கத்தில் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதற்படத்தின் கதை இவ்வளவே.

அதுவும் நல்ல படமே, குறை கூறுவதற்கில்லை. எல்லா ஆற்றலும் அடங்கியதாகச் சொல்லப்பட்ட ஓலைச்சுருளை விரித்தால் அதில் ஓர் எழுத்தும் இல்லை. பார்ப்பவனின் முகமே அதில் தெரிகின்றது என்னும் கற்பனை எவரையும் கவரும். அந்தப் படத்தில் இடம்பெற்ற புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஆகிய ஐந்து தோழரும் வெறும் கற்பனை அல்லர். அவ்வைந்து உயிர்களின் அசைவைப் பார்த்து வகுக்கப்பட்ட அடிமுறைகள் சீனத்தில் உண்மையாகவே உள்ளன. சண்டைக் காட்சிகளை வகுத்த ரோடால்ஃப் கெனோடன் என்னும் ஓவியர், தாமே அக்கலையைப் பயின்றவர். ஆகையால் அடியும் தடுப்பும் கண்ணுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

ஆனால் முதற்படம் ஒரு கேள்வியை வேடிக்கையாக ஆக்கிவிட்டு நழுவிவிட்டது. வாத்துக்கு எப்படிப் பாண்டா பிள்ளையாகும்? திரையரங்கில் இருந்த சிறு பிள்ளைக்கும் தோன்றக்கூடிய கேள்வி அது. படத்தின் ஒரு கட்டத்தில் தந்தை வாத்தாகிய பிங், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, மகனே, உன்னிடம் நெடுநாட்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு என்று தொடங்குகின்றார். நாமும் நிமிர்ந்து உட்காருகின்றோம். அவரோ தம் சூப்பின் இரகசியத்தைச் சொல்கின்றார்! அரங்கம் சிரித்துவிடுகின்றது. சிரித்த வாயோடு அக்கேள்வி மறக்கப்பட்டுவிடுகின்றது.

இரண்டாம் படம் முதற்படத்தினும் உயர்ந்து நிற்பதற்கு நாம் காணும் முதற் காரணம் இதுவே. பணம் மிகுந்துவிட்டது, ஓவியம் மெருகேறிவிட்டது என்பனவெல்லாம் பிறகு. தான் முன்பு வேடிக்கையாக்கி விட்டுச்சென்ற கேள்வியின் முன் இப்படம் திரும்பி வந்து, தலையைத் தாழ்த்தி நிற்கின்றது. இரண்டு படங்களுக்கும் திரைக்கதை எழுதியவர்கள் ஜோனதன் அய்பல், க்ளென் பெர்கர் என்னும் அதே இருவர்தாம். தாம் எழுதிய வேடிக்கையைத் தாமே மறுபடி எடுத்துப் பார்த்து, இதற்குள் ஒரு பிள்ளையின் வாழ்வு இருக்கின்றதே என்று உணர்ந்தவர்கள் போலும்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். கோங்மென் என்னும் நகரை மயில்கள் ஆண்டுவந்தன. வானவேடிக்கையை உலகுக்கு அளித்தவை அவையே. அரசிளங்குமரனாகிய ஷென் என்னும் வெண்மயில், ஊரை மகிழ்விக்கும் அவ்வெடிமருந்துக்குள் ஊரை அழிக்கும் ஆற்றல் இருப்பதைக் கண்டுகொண்டான். கறுப்பும் வெளுப்புமான வீரன் ஒருவனால் உனக்கு வீழ்ச்சி என்று, குறி சொல்லும் கிழ ஆடு ஒன்று உரைக்கின்றது. உடனே அவன் ஓநாய்ப் படையோடு சென்று பாண்டாக்களின் ஊரையே அழித்துவிடுகின்றான். தனக்கு வரவிருப்பதாகச் சொல்லப்பட்டவனை முன்கூட்டியே ஒழித்துவிடப் பச்சிளம் குழந்தைகள்மேல் வாளெடுத்த மன்னன் ஒருவனை, நம் வாசகர் ஆண்டுதோறும் டிசம்பர் 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று நினைவுகூர்கின்றார்கள். ஆதலின் இக்கதையின் வேர் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஷெனின் பெற்றோர் அவனை நாடு கடத்துகின்றனர். ஆண்டுகள் கழிந்து, உருக்கிய உலோகத்தால் பீரங்கி செய்துகொண்டு அவன் திரும்பி வருகின்றான்.

இந்த முன்கதை முழுவதும், தாளை வெட்டிச் செய்த நிழற்பாவைக் கூத்துப் போலத் திரையில் விரிகின்றது. நிழற்பாவைக் கூத்து சீனத்தின் தொன்மையான கலை. தோற்பாவைக் கூத்தை ஒருமுறையேனும் கண்ட நம்மவர்க்கு அந்தச் சில நிமிடங்கள் தனி மகிழ்ச்சி தரும். படத்தின் மற்றப் பகுதிகள் கணிப்பொறியின் துணையால் பொம்மை போலத் திரட்சியாக வார்க்கப்பட்டவை. ஆனால் போவின் இளமை நினைவுகள் வரும்போதெல்லாம், பழைய முறையில், கையால் வரைந்த தட்டையான ஓவியமாகப் படம் மாறிவிடுகின்றது. நிகழ்வது ஒரு வகை, நினைவு மற்றொரு வகை. எந்தச் சொல்லும் இன்றிப் பிள்ளைகளுக்கு இது விளங்கிவிடுகின்றது. கொடுமையான நிகழ்ச்சிகளும் அந்தத் தட்டை ஓவியத்துக்குள் மென்மையாகிவிடுவதால், ஒரு துளி இரத்தமும் காட்டாமல் ஓர் ஊரின் அழிவைக் காட்டிவிட முடிந்திருக்கின்றது.

வெடிமருந்தைப் பற்றி இங்கே ஒரு சொல். அது சீனத்தில் பிறந்தது என்பது கதை அன்று, வரலாறு. 9ஆம் நூற்றாண்டில், சாவா மருந்து தேடிய இரசவாதிகளின் கையில் அது தற்செயலாய் அகப்பட்டது என்பர் வரலாற்றாசிரியர். சாகாமலிருக்கத் தேடிய பொருள் சாகடிக்கும் பொருளாயிற்று! 13ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே உலோகக் குழாயில் அடைத்துச் சுடும் கருவிகள் அங்கே தோன்றிவிட்டன. பீரங்கியின் முன் மற்போர் வீரனின் கை என்ன செய்யும் என்னும் கேள்வியும் வெறும் கற்பனை அன்று. 1900ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சியின்போது, உடற்பயிற்சியும் மந்திரமும் தம்மைக் காக்கும், குண்டு துளைக்காது என்று நம்பிச் சென்ற இளைஞர் பலர் மாண்டனர். அவர்கள் கையால் சீனக் கிறித்தவர் பல்லாயிரவர் மாண்டனர் என்பதும் வேதனையான உண்மை. ஆகவே இப்படத்தில் காண்டாமிருகக் குரு ஒருவர், எந்த அடியாலும் வீழ்த்த முடியாதவர், பீரங்கியின் ஒரே வெடியில் மறையும்போது, சிறுவர் கதைக்குள் வரலாற்றின் காற்று வந்து வீசுகின்றது. முதற்படத்தின் பகைவன் வலிமை மிக்க ஒரு சிறுத்தை, அவ்வளவே. இங்கே பகைவனின் கையில் இருப்பதோ, பயிற்சியையும் பொறுமையையும் பயனற்றதாக்கிவிடும் ஒரு கருவி.

இனி அந்த முள்ளங்கிப் பெட்டிக்கு வருவோம்.

ஓநாய்களோடு நடந்த சண்டையில், ஒன்றன் கவசத்தில் இருந்த சின்னத்தைக் கண்டதும் போவின் கை நின்றுவிடுகின்றது. எங்கோ எப்போதோ கண்ட நினைவு. அடி வாங்கி வீழ்கின்றான். வீட்டுக்கு வந்து தந்தையிடம், நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கின்றான். பிங் முதலில், குஞ்சு முட்டையிலிருந்து வரும், முட்டை எங்கிருந்து வரும் என்று மட்டும் கேளாதே என்று நழுவப் பார்க்கின்றார். எந்தப் பெற்றோர்தாம் இவ்வண்ணம் நழுவிப் பார்த்ததில்லை? மகன் விடவில்லை. இறுதியில் அவர் பழைய பெட்டி ஒன்றை எடுத்து வந்து வைக்கின்றார். ஒருநாள் கடைக்குக் காய்கறி வந்தது. அதில் ஒரு பெட்டியில் முள்ளங்கி இல்லை. முள்ளங்கி முழுவதையும் தின்றுவிட்டுப் பசி தீராமல் ஒரு பாண்டாக் குழந்தை உட்கார்ந்திருந்தது. யாரேனும் தேடி வருவார்கள் என்று காத்திருந்தார். எவரும் வரவில்லை. உள்ளே எடுத்து வந்தார், உணவூட்டினார், குளிப்பாட்டினார், மீண்டும் உணவூட்டினார். அன்று அவர் இரண்டு முடிவுகளைச் செய்தாராம். முள்ளங்கி இல்லாமலே சூப் வைப்பது ஒன்று. இக்குழந்தையைத் தம் மகனாகவே வளர்ப்பது மற்றொன்று. சூப்பும் இனித்தது, வாழ்வும் இனித்தது என்கின்றார் அந்தக் கிழவர்.

சிரிப்பும் கண்ணீரும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் இக்காட்சியைப் போல ஒன்று முதற்படத்தில் இல்லை. பிங்குக்குக் குரல் கொடுத்த முதிய நடிகர் ஜேம்ஸ் ஹாங்கின் நடுக்கமுற்ற பேச்சு அதற்கு உயிரூட்டுகின்றது. சொல்லி முடித்துவிட்டு அவர் மகனின் முகத்தைப் பார்க்கின்றார். தாம் இத்தனை ஆண்டுகள் மறைத்துவைத்தது மகனைக் காப்பதற்கா, தம்மைக் காப்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை என்பது போன்ற பார்வை அது.

போ தன் தோழரோடு கோங்மென் நகருக்குப் புறப்படுகின்றான். அங்கே பகைவன் ஷெனை நேருக்கு நேர் காணும்போது, இவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: அன்று என்ன நடந்தது? ஷென் அதை உணர்ந்துகொள்கின்றான். உன் பெற்றோர் உன்னை விரும்பவில்லை. அதனால்தான் கைவிட்டுச் சென்றனர் என்று சொல்கின்றான். அச்சொல்லில் போ நிலைகுலைந்து நிற்கும் கணத்தில் பீரங்கி வெடிக்கின்றது. குண்டைவிடச் சொல்லே அவனை முதலில் வீழ்த்தியது.

இக்கட்டத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அந்தப் பொய் ஏன் அவ்வளவு எளிதாக அவன் நெஞ்சில் நுழைந்தது? நுழைவதற்கு அங்கே இடம் காலியாக இருந்தது. பிங் தாம் அறிந்ததை எல்லாம் சொன்னார். ஆனால் மிகவும் காலந் தாழ்ந்து சொன்னார். பெட்டிக்கு முன் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது. சிறு வயது முதலே, தெரிந்ததைத் தெரிந்தவாறும் தெரியாததைத் தெரியாது என்றும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்நியன் ஒருவன் வந்து சொல்லும் பொய் அவ்வளவு ஆழமாகப் பாய்ந்திராது என்றே நமக்குத் தோன்றுகின்றது. படம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பிங்கை அது ஓரிடத்திலும் குற்றஞ்சாட்டவும் இல்லை. அந்த நயத்தகு நாகரிகத்தையும் நாம் மெச்சுகின்றோம்.

ஷெனின் நிலை இதற்கு நேர்மாறானது. கதை வகுத்தவர்களின் நுட்பம் இங்கேதான் வெளிப்படுகின்றது. பெற்றோர் தன்னை வெறுத்தனர் என்றே அவன் வாழ்நாள் முழுதும் நம்புகின்றான். அரண்மனைக்குத் திரும்பியதும் தந்தையின் அரியணையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் பீரங்கியை வைக்கச் செய்கின்றான். உன்னை அனுப்ப நேர்ந்த துயரமே அவர்களின் உயிரைக் குடித்தது, அவ்வளவு நேசித்தார்கள் உன்னை என்று கிழ ஆடு சொல்லும்போது அவன் முகம் ஒரு நொடி தளர்கின்றது, பின் இறுகிவிடுகின்றது. பெற்றோர் உடனிருந்து வளர்த்த ஒருவன் நேசிக்கப்படவில்லை என்று நம்பிக் கெட்டான். பெற்றோரின் முகமே அறியாத ஒருவன் வாத்தின் சிறகுக்குள் வளர்ந்து நிறைந்தான். முதற்படத்திலும் இதன் வித்து உண்டு. தை லுங்கும் அரண்மனை வாயிலில் கைவிடப்பட்டுக் கிடந்த குட்டிதான். ஷீஃபூ அவனைத் தம் மகனாகவே வளர்த்தார். ஆனால் அங்கே அது சண்டைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டு, விரைவில் கடந்துவிடுகின்றது.

பீரங்கி வெடித்து ஆற்றில் வீழ்ந்த போவைக் கிழ ஆடு காப்பாற்றி, ஊசி குத்தி மருத்துவம் செய்கின்றது. அவன் கண்விழிக்கும் இடம் பாழடைந்த ஓர் ஊர். அவன் பிறந்த ஊர். மழை பெய்கின்றது. படத்தின் தொடக்கத்தில் ஷீஃபூ ஒரு நீர்த்துளியைக் கையில் ஏந்தி, உடையாமல் உடல்மேல் உருட்டி, ஒரு செடியின்மேல் இறக்கிவிட்டதை நாம் கண்டோம். உள்ள அமைதி கைவந்தவர்க்கே அது கூடும் என்றார் அவர். சிலர் நெடுங்காலத் தனிமையால் அதை அடைவர், சிலர் துன்பத்தால் அடைவர் என்றும் சொன்னார். இப்போது மழைத்துளி ஒன்று போவின் உள்ளங்கையில் வீழ்கின்றது. நினைவின் கதவு திறக்கின்றது. தந்தை ஓநாய்களை மறித்து நின்றதும், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடியதும், முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் பகைவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு சென்றதும் அவனுக்குத் தெரிகின்றன. அந்தத் தாய்க்குப் பேச்சே இல்லை. குழந்தையின் முகத்தில் இறுதியாக ஒருமுறை முகத்தை வைத்து எடுக்கின்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் மற்ற நினைவுகளும் வருகின்றன. வாத்துத் தந்தை, ஆசான், தோழர். துன்ப நினைவு அழிந்துபோகவில்லை. அதற்குப் பக்கத்தில் மற்றவை வந்து அமர்கின்றன. துளி உடையாமல் கையில் உருள்கின்றது.

இறுதிப் போர் துறைமுகத்தில். பீரங்கி ஏந்திய கப்பல்கள் ஒருபுறம்; தனியாளாகப் போ மறுபுறம். எரிந்து வரும் குண்டை, நீர்த்துளியை ஏந்தியது போலவே ஏந்திச் சுழற்றி, வந்த வழியே திருப்பி விடுகின்றான். வந்த விசையை எதிர்த்து முட்டாமல் வட்டமாகத் திருப்பிவிடுவது சீனத்து மென்முறைக் கலைகளின் அடிப்படை. பீரங்கிக் குண்டை அவ்வாறு ஏந்த எவராலும் ஆகாது என்பதைச் சிறுவர்களும் அறிவர். நம் வீட்டுப் பொடியன் மட்டும் இரப்பர் பந்தால் ஒரு வாரம் முயன்று, மேசை விளக்கு ஒன்றை உடைத்தான்.

உன்னிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தேனே, உனக்கு அமைதி எப்படி வந்தது என்று ஷென் கேட்கின்றான். கோபத்தால் அன்று, உண்மையிலேயே விளங்காமல் கேட்கின்றான். நடந்ததை விட்டுவிடலாம், இனி யாராக இருக்கப்போகின்றோம் என்பது நம் கையில் என்ற பொருள்பட போ விடை சொல்கின்றான். அப்போதும் ஷெனுக்கு வழி திறந்தே இருக்கின்றது. அவன் வாளைத் தேர்ந்துகொள்கின்றான். தன் வாளே அறுத்த கயிறுகளால் தாங்கப்பட்டிருந்த பீரங்கி தன்மேல் சாயக் கண்களை மூடிக்கொள்கின்றான். முதற்படத்துப் பகைவனின் முடிவில் ஒரு வேடிக்கை இருந்தது. இம்முடிவில் இரக்கம் இருக்கின்றது.

இப்படத்தை இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். தென்கொரியாவில் பிறந்து, சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். முதற்படத்தில் கதைச்சித்திரப் பிரிவின் தலைவராக இருந்து, அதன் தொடக்கக் கனவுக் காட்சியை இயக்கியவர். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் முழுநீளக் கார்ட்டூன் படத்தைத் தனியொருவராக இயக்கிய முதற்பெண்மணி இவரே. முதற்படத்துக்குப் பின் இவரும் குழுவினரும் சீனத்துக்குச் சென்று, சிச்சுவான் மாநிலத்துச் செங்டு நகரின் பாண்டாக் காப்பகத்தையும் பழைய ஊர்களையும் பார்த்து வந்தனர். அந்தப் பயணத்தின் பயன் கோங்மென் நகரின் கூரைகளிலும் சந்துகளிலும் தெரிகின்றது. 15 கோடி டாலர் செலவில் உருவாகிய படம் உலகெங்கும் 66 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. வியப்பு என்னவெனில், அமெரிக்காவில் முதற்படத்தைவிட இது குறைவாகவே ஓடியது. பிற நாடுகளில்தான் மிகுதியாக வரவேற்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டும், ராங்கோ என்னும் படத்திடம் பரிசை இழந்தது.

புலிப்பெண்ணுக்குக் குரல் கொடுத்த ஏஞ்சலினா ஜோலி, கம்போடியா, எத்தியோப்பியா, வியத்நாம் ஆகிய நாடுகளிலிருந்து மூன்று குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அந்தப் புலியும் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள் என்று, 2008ஆம் ஆண்டிலேயே வந்த குறும்படம் ஒன்று சொல்கின்றது. எவரிடமும் ஒட்டாத அவள், போவின் துயரைக் கேட்டதும் அவனைத் தழுவிக்கொள்ளும் காட்சியில் தோழர் யாவரும் வாயடைத்து நிற்கின்றனர்.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் ஓட்டமும் துரத்தலும் மிகுதி. காட்சி முடியுமுன் அடுத்த வெடி வந்துவிடுகின்றது. ஐந்து தோழருள் புலியைத் தவிர மற்றவர்க்குச் சொல்லும்படியான வேலை இல்லை. ஊக்வே போன்ற ஒரு முதியவரின் நிழல் இப்படத்தில் இல்லாததும் நமக்குக் குறையாகவே பட்டது. ஓநாய்கள் வரும் காட்சிகள் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை அச்சுறுத்தும். அருகில் பெரியவர் ஒருவர் இருப்பது நன்று. இறுதியில், மறைவான ஊர் ஒன்றில் போவின் தந்தை உயிரோடு இருப்பதாகக் காட்டி, மூன்றாம் படத்துக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். அந்த மூன்றாம் படம் 2016இல் வந்தது. பெற்ற தந்தை வந்ததும் வளர்த்த தந்தை படும் தவிப்பை அது நன்றாகவே காட்டுகின்றது. ஆயினும் இரண்டாவது படத்தின் ஆழம் அதில் இல்லை. 2024இல் வந்த நான்காவதைப் பற்றிச் சொல்லாதிருப்பதே அதற்கு நாம் செய்யும் உதவி.

போர் முடிந்து போ வீடு திரும்புகின்றான். கவலையால் இளைத்த வாத்து, தேடிப் போனது கிடைத்ததா என்று தயங்கிக் கேட்கின்றது. நான் யாரென்று தெரிந்துவிட்டது, நான் உங்கள் மகன் என்கின்றான் அவன். பிறகு இருவரும் யார் சமைப்பது என்று வழக்காடிக்கொண்டே உள்ளே போகின்றனர்.

அன்று படம் முடிந்தபின் அந்த நண்பரின் துணைவியார் அடுக்களையில் நம் இல்லத்தரசியாரிடம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அச்சிறுமியைக் கைக்குழந்தையாக, வேற்றூரில் அருட்சகோதரியர் நடத்தும் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து முறைப்படி பெற்று வந்தவர்கள் அவர்கள். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் பிள்ளை நம்மைவிட்டு விலகிவிடுமோ என்று ஆண்டுகளைக் கடத்திவிட்டார்கள். "அக்கா, அந்த வாத்து முகத்தைப் பார்க்க முடியலை" என்றாராம். புறப்படும்போது, அந்தப் படத்தட்டைக் கொடுங்கள், நாங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சென்றார். என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தட்டும் திரும்பி வரவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர்கள் இல்லத்தில் நமக்கு மதிய உணவு. சோற்றில் முள்ளங்கிச் சாம்பாரை ஊற்றிக்கொண்டே அச்சிறுமி நம்மை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, நான் பெட்டியிலே வரலை. அம்மா மடியிலே, ரயிலிலே வந்தேன். ராத்திரி முழுக்க அழுதேனாம். அப்பாதான் நின்னுக்கிட்டே தோளிலே போட்டுத் தட்டிக்கிட்டு வந்தாராம்."

"விழுப்புரம் வரைக்கும்" என்றார் தந்தை, அப்பளத்தை நம் இலைக்குத் தள்ளியபடி.